யூரியாவைச் சிதைக்கும் நிக்கல் நொதி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் மேலுரம் குறித்து அண்மையில் வெளிவந்த கட்டுரையில், வயலில் தூவிய யூரியா 'வெயிலில் ஆவியாகிப் போகிறது' என்று எழுதப்பட்டிருந்தது. யூரியா தானாக ஆவியாவதில்லை. நீரில் கரைத்து அப்படியே விட்டுவைத்தால் அதில் பாதி சிதைவதற்கே பல ஆண்டுகள் ஆகும். வயலில் அது சில நாள்களுக்குள் அம்மோனியாவாக மாறிவிடுவதற்குக் காரணம், பெரும்பாலும் மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் உண்டாக்கும் யூரியேஸ் என்னும் நொதி. அச்சிதைவை அது நூறு லட்சம் கோடி மடங்கு அளவுக்கு விரைவுபடுத்துகிறது. வெயிலும் காற்றும் தேங்கிய நீரின் காரத்தன்மையும் அதற்குப் பின்னர்தான், உண்டான அம்மோனியாவை வெளியேற்றும் வேலையைச் செய்கின்றன.

இந்த நொதிக்கு நீண்ட வரலாறு உண்டு. 1926ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் சம்னர், ஜாக் அவரை மாவை நீர் கலந்த அசிட்டோனில் கலக்கி வடித்து, வடிநீரை இரவு முழுவதும் குளிரில் வைத்திருந்து, அதில் ஒரு துளியை நுண்ணோக்கியின் அடியில் வைத்துப் பார்த்து, நுண்ணிய படிகங்கள் நிறைந்திருக்கக் கண்டார். முதன்முதலாகப் படிகமாக்கப்பட்ட நொதி அதுவே. (இளம் வயதில் வேட்டையின்போது இடக்கையை இழந்த அவர், இவ்வளவையும் ஒற்றைக் கையால் செய்தார் என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது.) நொதி என்பது புரதமே என்ற அவருடைய முடிவை ஜெர்மனியின் வேதியியலறிஞர் வில்ஸ்டேட்டர் போன்ற பெரியவர்கள் ஏற்க மறுத்தார்கள், நோபல் பரிசு 1946இல்தான் வந்தது. ஆயினும் அந்தப் படிகங்களில் நிக்கல் இருந்ததை சம்னரும் அறிந்திருக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் அதைக் கண்டறிந்தது 1975இல்.

அந்த நிக்கல் எங்கே, எப்படி அமர்ந்திருக்கிறது என்பது ஒரு பாக்டீரியாவின் நொதியிலிருந்தே முதலில் தெரியவந்தது. 1995இல் கார்னெலின் ஆண்ட்ரூ கார்ப்ளஸ் குழுவினர், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஹௌசிங்கர் குழுவினருடன் சேர்ந்து, கிளெப்சியெல்லா ஏரோஜீன்ஸ் என்ற பாக்டீரியாவின் யூரியேஸ் படிகத்தில் எக்ஸ் கதிர்களைச் செலுத்தி அதன் அமைப்பை வெளியிட்டார்கள். வினை நிகழும் குழியில் இரண்டு நிக்கல் அயனிகள் ஏறக்குறைய 3.5 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் இருக்கின்றன; ஒரு மில்லிமீட்டரைக் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம். இரண்டையும் இணைத்து நிற்கும் லைசின் என்ற அமினோ அமிலத்தின் நுனியில் ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு சேர்ந்திருந்தது. நிக்கல் இல்லாத யூரியேஸ் புரதத்தைச் சோதனைக் குழாயில் செயல்பட வைக்க நிக்கலோடு கார்பன் டை ஆக்சைடும் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு அந்தப் படத்திலேயே விடை கிடைத்தது. குழியின் மேல் புரதத்தின் ஒரு பகுதி பெட்டியின் மூடியைப் போலத் திறந்து மூடுகிறது. யூரியா உள்ளே சென்று நிக்கலைப் பற்றி, மூடி அடைபட்டபின், நிக்கல்களோடு ஒட்டியிருக்கும் நீரின் கூறு அதைத் தாக்குகிறது.

உழவருக்கு நேரடியாகப் பயன்படும் பகுதி இத்தாலியின் போலோக்னாவில் நடந்தது. அங்கே ஸ்டெஃபானோ சியுர்லி குழுவினர் ஸ்போரோசார்சினா பாஸ்டுரீ என்ற மண் பாக்டீரியாவின் யூரியேஸை 1999 முதல் படிகங்களாக ஆராய்ந்து வந்தார்கள். அமெரிக்காவில் 1990களிலிருந்து யூரியாவுடன் கலந்து விற்கப்படும், யூரியேஸின் வேலையை நிறுத்திவைக்கும் என்பிபிடி என்ற தடுப்பானை அந்த நொதியோடு சேர்த்துப் படிகமாக்கியபோது, அது முழு உருவில் அங்கே காணப்படவில்லை. யூரியாவை வெட்டுவதுபோலவே நொதி அதையும் வெட்டியிருந்தது. மிஞ்சிய துண்டு இரண்டு நிக்கல்களையும் பிடித்துக்கொண்டு குழியை அடைத்திருந்தது. தன்னை முடக்கும் பொருளை நொதி தானே உண்டாக்கிக்கொள்கிறது என்பது எனக்கு இந்த ஆய்வுகள் அனைத்திலும் மிகவும் வியப்பான செய்தி.

கட்டுரையாளர் வேப்பெண்ணெய் பூசிய யூரியா எல்லாவற்றுக்கும் தீர்வு என்று முடித்திருக்கிறார். நம் நாட்டில் உற்பத்தியாகும் யூரியா முழுவதற்கும் 2015 முதல் அது கட்டாயம், நன்மையும் உண்டு. ஆனால் வேம்பு பெரிதும் தடுப்பது அம்மோனியம் (அம்மோனியா நீரில் கொள்ளும் வடிவம்) நைட்ரேட்டாக மாறுவதை, அதாவது யூரியேஸ் தன் வேலையை முடித்த பிறகு நிகழும் அடுத்த கட்டத்தை. அம்மோனியாவாகப் போகும் இழப்பையும் நைட்ரேட்டாக மாறியபின் நேரும் இழப்பையும் ஒன்றாகக் கருதினால் வாசகர் தவறான பரிகாரத்தை நம்பியிருக்க நேரும்.

இத்துறையில் சென்னைக்கும் பங்கு உண்டு. சம்னர் கையாண்ட அதே ஜாக் அவரை யூரியேஸின் முழு அமைப்பை, 2010இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் படிகவியல் துறையினர் வெளியிட்டார்கள். கிளெப்சியெல்லாவில் மூன்று தனிப் புரதச் சங்கிலிகள் சேர்ந்து செய்வதைத் தாவரத்தில் ஒரே நீண்ட சங்கிலி செய்கிறது. நிக்கல் இணை மட்டும் மாறவில்லை.

வேளாண் பக்கத்தில் இதற்கு ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். அதோடு, மேலுரத்தை மேலாகத் தூவிவிட்டுப் போகாமல் உடனே மண்ணுக்குள் கலந்துவிட்டால், நொதி உண்டாக்கும் அம்மோனியத்தைக் களிமண் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்து அச்சிட்டால் நன்று.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
மன்னார்குடி.