செயலாளரின் ஆண்டறிக்கை: வீட்டுக் கூடத்தில் கதையாட்டம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், சத்துவாச்சாரி, காட்பாடி, தோட்டப்பாளையம், கொசப்பேட்டை ஆகிய பகுதிகளிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், தம் வீட்டுக் கூடத்தை நமக்கு ஒழித்துக் கொடுத்த குடும்பத்தாருக்கும் வணக்கம்.

வாடகைக்கு மண்டபம் தேடி அலைவதை விட்டுவிட்டு ஆளுக்கொரு பாத்திரமேற்றுக் கதையைப் பேசியே ஆடும் நம் கதையாட்டத்தை உறுப்பினர்களின் வீடுகளிலேயே நடத்துவது என்றும், கதையின் சுமையை நடத்துநர் ஒருவர் தலையிலேயே ஏற்றாமல் ஆடுவோர் அனைவரும் பகிர்ந்துகொள்வது என்றும் சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். முதலாவது எளிதாக நிறைவேறிவிட்டது. இரண்டாவதைப் பற்றித்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

புதிய உறுப்பினர்களுக்காக ஒரு சிறு விளக்கம். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கி 1974இல் அமெரிக்காவில் வெளியான ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ தான் இவ்வகை ஆட்டங்களுக்கெல்லாம் முன்னோடி. நடத்துநர் நிலைமையை விவரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமேற்று, தாம் செய்வது இன்னதென்று சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்ற ஐயம் எழும் இடத்தில் இருபது முகப் பகடை உருளும். அதன் அடிப்படை விதித்தொகுப்பு 2023 சனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டுவிட்டதால், மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் அதை மொழிபெயர்க்கலாம், மாற்றியும் எழுதலாம். நம் உறுப்பினர்களுக்கு வழங்கப்பட்ட தமிழ்க் கையேடு அந்த உரிமையின்பேரில் ஆக்கப்பட்டதே.

இனி கதைப்பகிர்வு. நடத்துநர் இரவெல்லாம் கண்விழித்து வரைபடம் தீட்டி வைத்திருப்பதும், ஆடுவோர் அந்தப் பக்கமே திரும்பாமல் வேறு திசையில் போய்விடுவதும், அவர் முகம் வாடுவதும் முன்பு வாடிக்கையாக இருந்தன. இவ்வாண்டு நடத்துநர்களுக்கு ஒன்றே ஒன்றைத்தான் வலியுறுத்தினோம்: விடை எழுதிக்கொண்டு வர வேண்டாம், நல்ல கேள்விகளாக எழுதிக்கொண்டு வாருங்கள். காட்பாடி வீட்டு ஆட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பாலாற்று மணலில் ஒரு கூண்டு வண்டி கவிழ்ந்து கிடக்கிறது என்று சொன்ன நடத்துநர், அத்தோடு நிறுத்திவிட்டு, வணிகராக ஆடியவரைப் பார்த்து, “இந்த வண்டியை உங்களுக்கு முன்பே தெரியும், இது யாருடையது?” என்று கேட்டார். “எங்க அக்கா வீட்டுக்காரரோடது” என்று பதில் வந்தது. சரக்கு என்ன என்று அடுத்தவரிடம் கேட்டபோது, மேலே குடியாத்தத்து லுங்கிக் கட்டுகள் இருக்கின்றன, அடியில் இருப்பதைத் தாம் இப்போது சொல்லப்போவதில்லை என்றார். அப்போது கூடத்தின் ஓரத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவ்வீட்டுப் பாட்டி, “அது சரிப்பா, மாடு ரெண்டும் எங்க போச்சு?” என்று கேட்டாரே, அதை யாருமே எண்ணிப் பார்த்திருக்கவில்லை. அன்றைய மாலை முழுவதும், அடுத்த அமர்வும் அந்த மாடுகளைத் தேடுவதிலேயே கழிந்தன. பாட்டிக்குக் கௌரவ உறுப்பினர் நிலை வழங்க வேண்டுமென்ற கோரிக்கை செயற்குழுவின் பரிசீலனையில் உள்ளது.

பகடையைப் பற்றியும் குறிப்பிட வேண்டும். இருபது முகப் பகடையை இணையத்தில் வரவழைக்க வேண்டியிருப்பதோடு, மொசைக் தரையில் அது உருண்டு பீரோவுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வதும் தீராத தொல்லையாக இருந்தது. ஆகவே ஒரு மேசையினர் வீட்டிலிருந்த பித்தளைத் தாயக்கட்டைகளைக் கையில் எடுத்தனர். ஒரு கட்டைக்குச் சுழி, ஒன்று, இரண்டு, மூன்று என நான்கு முகங்கள். இரண்டு கட்டைகளையும் கூட்டிப் பார்த்தால் (ஒன்று விழுந்தால் தாயம், இரண்டும் சுழியானால் பன்னிரண்டு) மொத்தம் 16 விழுகைகள். அவற்றில் மூன்று விழுவது 4 முறை, இரண்டும் நான்கும் மும்மூன்று முறை, தாயமும் ஐந்தும் இரண்டிரண்டு முறை, ஆறும் பன்னிரண்டும் ஒவ்வொரு முறை. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு ஆகியவை மறு ஆட்டம் தருபவை என்பதால் அவற்றை முழு வெற்றியாக வைத்தோம். இது 16இல் 6. மூன்றும் நான்கும் ஏதேனும் ஒன்றை இழந்து பெறும் வெற்றி. இது 16இல் 7. இரண்டு மட்டும் தோல்வி; 16இல் 3. இழந்து பெறும் வெற்றி என்ற இந்த இடைநிலை, வின்சென்ட் பேக்கர், மெகுவே பேக்கர் இணையர் 2010இல் வெளியிட்ட ‘அபோகலிப்ஸ் வேர்ல்டு’ என்ற ஆட்டத்தால் பரவலான முறை. அங்கே இரண்டு ஆறுமுகப் பகடைகளின் கூட்டுத்தொகையோடு பாத்திரத்தின் திறன் எண்ணையும் சேர்த்து 7 முதல் 9 வரை வந்தால் அந்நிலை. தோல்வி இவ்வளவு அரிதாக இருந்தால் விறுவிறுப்பு குறையும் என்று சிலர் வாதிட்டனர். கதவு திறக்கவே இல்லை என்பதைவிட, கதவு திறந்தது, ஆனால் காவலாளி விழித்துக்கொண்டான் என்பதே கதையை நகர்த்துகிறது என்பது என் கருத்து.

ஆண்டின் கனமான ஆட்டம் வேலூர்க் கோட்டைக்குள், 1806 சூலை 9ஆம் நாள் இரவில் நடப்பதாக அமைந்தது. நெற்றிக்குறி இடலாகாது, தாடி வைக்கலாகாது, புதுவகைத் தலைப்பாகையை அணிந்தே ஆக வேண்டும் என்ற ஆணைகளால் கொதித்திருந்த சிப்பாய் ஒருவர், சமையற்காரர் ஒருவர், அங்கே காவலில் வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தான் குடும்பத்தாரின் பணியாள் ஒருவர் எனப் பாத்திரங்கள் பிரிக்கப்பட்டன. சூலை 10 காலையில் ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து எழுச்சியை அடக்கும் என்ற வரலாற்றை மாற்றுவதில்லை என்று ஆட்டத்துக்கு முந்தைய பேச்சமர்விலேயே ஒப்புக்கொண்டோம். எவரெவர் அந்த இரவில் என்ன முடிவெடுக்கிறார்கள் என்பது மட்டுமே திறந்திருந்தது. உண்மையில் மாண்டவர்களின் கதை என்பதால் கொலைக் காட்சிகளை விவரிப்பதில்லை என்ற எல்லையும் வகுக்கப்பட்டது. மேசை நடுவே பெருக்கல் குறியிட்ட அட்டை ஒன்றும் வைக்கப்பட்டது. ஒருவர் அதைத் தொட்டால், காரணம் கேட்காமல் அக்காட்சியைக் கடந்துவிட வேண்டும். அந்த அட்டை ஒருமுறை தொடப்பட்டது. ஆட்டம் தடையின்றித் தொடர்ந்தது.

புதிதாக நடத்த வருவோர், வாய்ப்புக் கிடைத்தால் செய்யாறு பக்கம் சென்று தெருக்கூத்தில் கட்டியங்காரனைக் கவனித்து வர வேண்டும். ராஜாவிடமும் பேசி, பார்ப்பவர்களிடமும் பேசி, தொய்ந்த இடத்தைத் தூக்கி நிறுத்தும் அந்த வித்தையை எந்த விதிநூலும் கற்றுத்தராது.

வீட்டில் நடத்துவதன் சங்கடம் ஒன்றையும் மறைக்காமல் பதிவு செய்கிறேன். ஆட்டம் நடக்கும் நேரம் முழுவதும் அவ்வீட்டுப் பெண்கள் தேநீர் போட்டுக்கொண்டே இருக்க நேர்ந்ததாக முறையான குறை வந்தது. அது நியாயமான குறை. அன்று முதல் தேநீர் போடுவதும் டம்ளர் கழுவுவதும் ஆடுவோர் பொறுப்பு. மக்கன் பேடா கொண்டு வருவோர், பாகு ஒட்டிய கையோடு, கதைப் பாத்திரத்தின் விவரம் எழுதிய தாளைத் தொடலாகாது. சித்திரை, வைகாசி வெயிலில் பகல் அமர்வு கிடையாது. ஒரு மேசைக்கு நடத்துநர் நீங்கலாக ஐவருக்கு மேல் அமர்த்துவதில்லை.

வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். வரும் ஆண்டில் ஒரே நடத்துநர் அடுத்தடுத்து இரண்டு தொடர்கதைகளை நடத்தலாகாது என்றும், தாயக்கட்டை விதிகளைக் கையேட்டில் சேர்த்து அச்சிட வேண்டும் என்றும் இரு தீர்மானங்களைப் பொதுக்குழுவின் வாக்கெடுப்புக்கு முன்வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்,
வேலூர்