ஆகரைக் கொஞ்சம் கவனியுங்கள்

ஆசிரியருக்கு,

ஒன்ராறியோவின் சிம்கோ ஏரிக்கு, உறைந்த ஐஸில் துளைபோட்டு மீன்பிடிக்கப் போகும் நம்மவர்கள் தூண்டிலுக்குக் காட்டும் அக்கறையைத் அந்தத் துளையைப் போடும் ஆகர் என்ற திருகுத் துளைக்கருவிக்கும் காட்டவேண்டும். பிளேட் மழுங்கினால் எவ்வளவு பலமான மோட்டாரும் ஐஸைச் சுரண்டத்தான் செய்யும், அதற்காக அழுத்தினால் இயந்திரம் சிக்கி மணிக்கட்டைத் திருகிவிடும். கரையோர மண் கலந்த ஐஸில் வைத்தாலே கூர் போய்விடும். வேலை முடிந்ததும் ஈரம் துடைத்து, லேசாக எண்ணெய் பூசி, உறை மாட்டுங்கள். பற்றரி வகை என்றால் பற்றரியைச் சூடான பைக்குள் வையுங்கள், அப்புறம் வீட்டுக்கு வந்து குளிர் நன்றாக விட்ட பிறகே சார்ஜ் போடுங்கள், உறைகுளிரில் லித்தியம் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றினால் செல் கெட்டுவிடும். பெற்றோல் ஆகரைக் கூடாரத்துக்குள் இயக்கவே வேண்டாம், அதன் புகையில் வரும் கார்பன் மொனொக்சைட்டு நச்சுவாயுவுக்கு மணமே இல்லை, உயிரையே எடுத்துவிடும். நடக்கக் குறைந்தது 10 செ.மீ. தெளிந்த ஐஸ் வேண்டும், வெள்ளை ஐஸ் என்றால் இரண்டு மடங்கு.

ஒரு வாசகர், ஸ்காபரோ