சீட்டிழுப்புக்குத் தோள்கொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வவுனியா மாவட்டத்துச் சிறுநீரக நோயாளரின் பயணச் செலவுக்காக எமது சர்வமதக் குழு நடத்திய நல்வாய்ப்புச் சீட்டிழுப்பு நிறைவடைந்து, கணக்கும் முடிக்கப்பட்டுவிட்டது. ஒன்று 100 ரூபாவாக 4,312 சீட்டுகள் விற்பனையாகின. அந்த 431,200 ரூபாவோடு, நேரடியாக விற்ற தையல் இயந்திரத்தின் விலையான 52,000 ரூபாவையும் சேர்த்து, அச்சுச் செலவு 14,700 ரூபாவைக் கழித்தபின், 468,500 ரூபா வங்கியில் இடப்பட்டுள்ளது. பற்றுச்சீட்டுகளைப் பங்குப் பணிமனையில் எவரும் வந்து பார்வையிடலாம்.

காரணம் இன்னதென்று அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990களில் வடமத்திய மாகாணத்தில் முதலில் கவனத்துக்கு வந்தது. பின்னர் எமது மாவட்டத்து விவசாயக் கிராமங்களிலும் வேரூன்றிவிட்டது. இரத்தச் சுத்திகரிப்பு அரச மருத்துவமனையில் இலவசமாகவே செய்யப்படுகிறது. ஆனால் வாரத்தில் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணித்தியாலம் அளவில் இயந்திரத்தோடு கிடந்து எழுந்த ஒருவரால் பேருந்தில் நின்றுகொண்டு வீடு திரும்ப முடிவதில்லை. முச்சக்கரவண்டிக்குக் கொடுக்கப் பணமில்லாமல் முறை தவறவிட்டவர்களை நாம் நேரில் அறிவோம். இந்த நிதி அந்த வண்டிக் கூலிக்கு மட்டுமே செலவாகும்.

முதல் நன்றி பங்குத்தந்தைக்கு. தமது குருத்துவ வெள்ளி விழாவில் கிடைத்த துவிச்சக்கரவண்டியையும் கைக்கடிகாரத்தையும் உறை பிரிக்காமல் கொண்டுவந்து கூட்ட மேசையருகே வைத்தவர் அவர். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் தமக்கு வந்த அன்பளிப்புகளை இவ்வாறே சீட்டிழுப்புக்கு விட்டதை அவர்தாம் எமக்குச் சொன்னார். வத்திக்கானில் 10 யூரோவுக்குச் சீட்டு விற்று, பியற் பண்டா கார், துவிச்சக்கரவண்டிகள், கோப்பி இயந்திரம், பனாமா தொப்பி முதலியவற்றைப் பரிசாக வைத்து, வறியோருக்கான அறப்பணிக்கு நிதி திரட்டிய அந்தச் சீட்டிழுப்பு 2015 சனவரி 8ஆம் திகதி நடந்தது. நாமெல்லாம் சனாதிபதித் தேர்தலில் வாக்களிக்க வரிசையில் நின்ற அதே நாள் அது. அதற்கு ஆறாம் நாள் அவர் மடுத் திருத்தலத்துக்கு வந்தபோது எம்மில் பலர் அங்கே இருந்தோம். சீட்டிழுப்பைப் பற்றி அன்று ஒருவருக்கும் தெரியாது.

அன்பளிப்பைப் பரிசாக்கினால் கொடுத்தவரின் மனம் நோகாதா என்று குழுவில் சிலர் தயங்கினார்கள். கைக்கடிகாரத்தைக் கொடுத்த பழைய மாணவரோ, செய்தி அறிந்ததும் வந்து, அதை வென்று மீண்டும் தந்தைக்கே கொடுக்கப் போவதாகச் சொல்லிப் பத்துச் சீட்டுகள் வாங்கினார். ஒன்றுகூட விழவில்லை. அவருக்கு எமது நன்றியோடு அனுதாபமும் உரியது.

தேர்த் திருவிழாவில் தமக்குப் போர்த்தப்பட்ட பட்டுச் சால்வைகளையும் ஒரு சோடி வெள்ளிக் குத்துவிளக்குகளையும் வழங்கிய ஆலயக் குருக்கள் ஐயாவுக்கும், அன்பர் ஒருவர் தமக்கென வாங்கித் தந்த நீர் வடிகட்டியை வழங்கிய விகாராதிபதி தேரர் அவர்களுக்கும் நன்றி. சீட்டின் சிங்கள வாசகத்தில் இருந்த இரண்டு பிழைகளை அச்சுக்குப் போகுமுன் சிவப்புப் பேனாவால் திருத்தித் தந்தவரும் தேரர்தாம்.

மௌலவி அவர்களுக்குச் சொல்ல வேண்டிய நன்றி வேறு வகையானது. முதற் கூட்டத்திலேயே அவர் தமது உடன்பாடின்மையை ஒளிக்காமல் சொன்னார். ஆதாயத்தை எதிர்பார்த்துச் சீட்டு வாங்குவது திருக்குர்ஆன் 5:90 விலக்கிய சூதில் அடங்கும் என்றும், நோக்கம் நல்லதாக இருப்பது முறையை மாற்றிவிடாது என்றும் அவர் கூறியபோது அறையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. ஆனால் அவர் எழுந்து போகவில்லை. தமக்கு அன்பளிப்பாக வந்த தையல் இயந்திரத்தைச் சீட்டில் சேர்க்காமல் நேரே விற்கும்படி கேட்டுத் தந்தார். மருத்துவமனைக்கு எந்த நாளில் யாரை ஏற்றிச் செல்வது என்ற அட்டவணையையும் தாமே பொறுப்பேற்றார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 2413) அதிர்ஷ்ட விளையாட்டை முற்றாக விலக்குவதில்லை. ஒருவரின் தேவைக்கான பணத்தை அது பறிக்கும்போது தவறாகிறது என்கிறது. மௌலவி பேசியிராவிட்டால் அந்த எல்லையை நாம் நினைத்தே பார்த்திருக்க மாட்டோம். கடனுக்குச் சீட்டுக் கொடுப்பதில்லை, பிள்ளைகளை விற்க அனுப்புவதில்லை, நோயாளர் வீடுகளில் விற்பதில்லை என்ற மூன்று விதிகளும் அன்றைய கூட்டத்தில்தான் எழுதப்பட்டன. விற்பனை அதனால் சற்றுக் குறைந்திருக்கலாம். அதில் எமக்கு வருத்தமில்லை.

பழைய எண்ணெய்ப் பீப்பாவுக்குக் கைப்பிடி ஒட்டிச் சுழலும் உருளையாக்கித் தந்த கராஜ் உரிமையாளருக்கும், பணம் பெறாமல் ஒலிபெருக்கி கட்டிய இளைஞர்களுக்கும், தேநீர் ஊற்றிய மாதர் சங்கத்தாருக்கும் நன்றி. கூட்டத்தினரின் பொறுமைக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். உருளையைப் பூட்டும் நேரத்தில் ஒரு புத்தகத்தின் அடிக்கட்டைகள் இருபத்தைந்தும் காணாமற்போயிருந்தன. குற்றம் எம்முடையது, எண்ணிச் சரிபார்க்க வேண்டியது செயலாளராகிய எனது பொறுப்பு. தேநீர்க் கடையின் மேசை லாச்சியில், சீனிக் கணக்குக் கொப்பிக்குள் இருந்து அவை கிடைக்கும்வரை நாற்பது நிமிடம் வெயிலில் காத்திருந்தீர்கள். இரண்டாம் வகுப்புச் சிறுமி சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி, உள்ளே எதுவும் இல்லை என்று நான்கு பக்கமும் திரும்பிக் காட்டிவிட்டுத்தான் கையை உருளைக்குள் விட்டாள். அப்படிச் செய்யும்படி அவளுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

துவிச்சக்கரவண்டியை வென்றவர் மதவாச்சியில் இருந்து வந்து, அதிலேயே ஏறி மிதித்துப் போய்விட்டார். நீர் வடிகட்டிக்குரிய 2187ஆம் இலக்கச் சீட்டை வைத்திருப்பவர் மட்டும் இன்னும் வரவில்லை. அது பங்குப் பணிமனை அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது. சீட்டோடு, ஞாயிறு தவிர்ந்த எந்த நாளிலும் மாலை ஐந்து மணிக்கு முன் வந்து பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
செயலாளர்,
நோயாளர் பயண நிதிக்கான சர்வமதக் குழு