வண்டிக்கு ஒரு பாதை வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் டிரமண்ட் தீவைப் பற்றி உங்கள் இதழில் வந்த பயணக் கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். மிச்சிகன் மாநிலத்தில், ஹியூரன் ஏரிக்குள் இருக்கிற தீவு. வண்டியோடு படகில் ஏறிக் கடந்துவிட்டால், ஜீப்பும், கரடுமுரடான தரையில் ஓடும் சின்ன நான்கு சக்கர வண்டியான ஏ.டி.வி.யும் ஓட 100 மைலுக்கு மேல் காட்டுப் பாதை! நிலாவெளியிலிருந்து புல்மோட்டை வரை மோட்டார் சைக்கிளில் சுற்றித் திரிந்தவன் என்பதால் எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

ஆனால் முக்கியமான ஒன்றைக் கட்டுரை விட்டுவிட்டது. அங்கே நினைத்த இடத்தில் வண்டியை இறக்க முடியாது. 50 அங்குலத்துக்கு மேல் அகலமில்லாத வண்டிகளுக்கு ஒரு பாதை, ஜீப்புக்கு வேறு பாதை. அனுமதி ஸ்டிக்கர் வாங்கி ஒட்ட வேண்டும். அந்தப் பணத்தில்தான் பாதைகளைப் பராமரிக்கிறார்கள். காரணம் இருக்கிறது. அத்தீவின் மக்ஸ்டன் சமவெளியில் பாறைக்கு மேல் மெல்லிய மண்படை மட்டுமே. அதில் அரிய புல்லும் பூவும் முளைக்கின்றன. டயர் ஏறினால் அந்தத் தடம் லேசில் ஆறாது.

எங்கள் கரையும் அப்படித்தான். லீவு நாட்களில் நிலாவெளிக்கும் இறக்கக்கண்டிக்கும் அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள். மணல்மேட்டில் படரும் அடம்பன் கொடிக்கும் இராவணன் மீசைப் புல்லுக்கும் மேலால் ஜீப் ஏறிய தடம் கிடக்கும். மணலைப் பிடித்து வைத்திருப்பதே அந்த வேர்கள்தான். அவை அறுந்தால் காற்று மணலை அள்ளிப் போகும், மேடு கரையும். 2004இல் கடல் உள்ளே வந்ததைப் பார்த்த எங்களுக்கு மணல்மேட்டின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்புறம் கடலாமைகள். முட்டை ஏறக்குறைய 50 நாட்கள் மணலுக்குள் கிடக்கும். மேலே வண்டி ஓடினால் மணல் இறுகிவிடும். தப்பிப் பொரித்த குஞ்சும் டயர் பள்ளத்துக்குள் விழுந்து, கடலுக்குப் போக வழி தெரியாமல் அதற்குள்ளேயே ஊர்ந்து திரியும். போன மாதம் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவே ஒரு வண்டி வேகமாகப் புகுந்தது. சின்னப் பிள்ளை ஒன்றைக் கையைப் பிடித்து இழுத்துத்தான் காப்பாற்றினார்கள். நான் பக்கத்தில் நின்றேன். இன்னும் நெஞ்சு பதறுகிறது.

பெடியன்களைக் கலைத்துவிட்டால் சரி என்று நான் சொல்லவில்லை. வண்டி ஓட்டும் ஆசை எனக்கும் தெரியும். கடலை விட்டு உள்ளே, பற்றைக்காட்டு ஓரமாகப் பழைய கிறவல் பாதைகள் எத்தனையோ இருக்கின்றன. பிரதேச சபையும் வனஜீவராசிகள் திணைக்களமும் சேர்ந்து, யானை நடமாட்டம் இல்லாத ஒரு பாதையைத் தெரிந்து, பலகை நட்டு, சின்னதாக ஒரு கட்டணம் வாங்கட்டும். கடற்கரைக்கு இறங்கும் வழிகளில் வள்ளம் போக மட்டும் இடம் விட்டு மரக்குற்றிகளைப் புதைக்கட்டும். உல்லாசப் பயணிகள் வரும் மே மாதத்துக்கு முன் இதைச் செய்தால் நல்லது. குற்றி நட ஆள் தேவையென்றால், எங்கள் ஊரில் பத்துப் பேரையாவது கூட்டிக்கொண்டு நானே வருகிறேன்.

இப்படிக்கு,
நிலாவெளி வாசகர்,
திருகோணமலை