கூப்பிடு தூரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கர்ப்பிணிகளை இருந்த இடத்திலேயே பரிசோதிக்கும் கையடக்கக் கருவிகளைப் பற்றிய உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, 'சென்னையில் மருத்துவமனை கூப்பிடு தூரத்தில் இருப்பதால் இவை மலைக்கிராமங்களுக்கே தேவை' என்ற வரி வரும்வரை. எழுதியவர் வடசென்னையில் எங்கள் எர்ணாவூரில் நின்று கூப்பிட்டுப் பார்த்தாரா?

போன ஐப்பசியில் என் மருமகளுக்கு எட்டாம் மாதம். காலையில் சோப்பு போட்டும் மோதிரம் கழலவில்லை. தலைவலி, கண்ணுக்கு முன் பூச்சி பறக்கிறது என்றாள். 31 ஆண்டுகள் சுகாதாரச் செவிலியராக இருந்தவளுக்கு அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்? பக்கத்துச் சுகாதார நிலையத்தில் பிரஷர் 160/110, கர்ப்பிணிக்கு வலிப்பு வரக்கூடிய அளவு. குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கும் டாப்ளர் கருவி டிராயரில் புத்தம்புதிதாக இருந்தது, பேட்டரி இல்லாமல். அங்கிருந்த சின்னப் பெண் ஸ்டூலில் ஏறி, இரண்டு அறைகளின் சுவர்க் கடிகாரங்களையும் கழற்றி அவற்றின் பேட்டரிகளைப் போட்டாள். துடிப்பு 148, சரியான அளவுதான். வலிப்பு வராமல் தடுக்கும் ஊசியைப் போட்டு 108 ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். ராயபுரம் அரசு மகப்பேறு மருத்துவமனை பத்துக் கிலோமீட்டர்கூட இராது. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் பின்னால் ஒன்றரை மணி நேரம் நின்றோம். தாயும் பிள்ளையும் நலம்.

துடிப்புச் சத்தம் கேட்டதும் எல்லாம் சரியென்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடக் கூடாது. தாயின் நாடியையே பிள்ளையுடையது என்று எண்ணி ஏமாறுவதுண்டு. இதையும் எழுதியிருக்கலாம். தங்களுக்குத் தெரியாததா?

எங்கள் பக்கம் கத்திக்குத்து நடந்தால் முதல் பக்கத்தில் போடுகிறீர்கள். நன்றி. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது எண்ணெயில் நனைந்த கூழைக்கடாவின் படத்தை வண்ணத்தில் போட்டீர்கள். பறவை பாவம்தான். அதே எண்ணெய் புகுந்த வீடுகளில் இருந்த பிள்ளைத்தாச்சிகளைப் பற்றி நான் அப்போதே எழுதினேன். அந்தக் கடிதம் தங்களுக்குக் கிடைத்திராது, தபால்காரர்மேல் பழியைப் போட்டுவிடுவோம்.

திருத்தம் வெளியிடச் சொல்லவில்லை. ஒரு சுகாதார நிலையம் இரண்டு பேட்டரி வாங்க யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று உங்கள் நிருபரை விசாரித்து எழுதச் சொன்னால் போதும். சென்ற செவ்வாய்க்கிழமை அங்கே போயிருந்தேன். இரண்டு கடிகாரங்களும் பத்தே முக்காலிலேயே நிற்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதாரச் செவிலியர்,
எர்ணாவூர், சென்னை.