47-ஆம் எண் போட்டிருந்த பெண்ணுக்கும், மற்ற எல்லோருக்கும்

நேற்று ராத்திரி கால்பந்து ட்ரையல்ஸ் (அணித் தேர்வு) முடிவு மெயிலில் வந்துவிட்டது. பட்டியலில் என் மகள் பெயர் இருக்கிறது. எடுத்த இரண்டு கோல்கீப்பர்களில் ஒருத்தி நம்ம பெண். வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை, எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் ஆறப்போட்டு எழுதினால் ஜோடித்து எழுதிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது, அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

போன வருடம் அவள் இடது முட்டி காயம்பட்டபோது என்ன நடந்தது என்று இதைப் படிக்கிற முக்கால்வாசிப் பேருக்குத் தெரியும். கூடவே இருந்தவர்கள் நீங்கள். அதையெல்லாம் திரும்பக் கிளற எனக்குத் தெம்பில்லை, அவளுக்கும் பிடிக்காது. நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பிசியோ மேடம். ஒன்பது மாதம் முடியாமல் மைதானம் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்று கறாராக நின்றீர்கள். எட்டாவது மாதத்தில் நானே கெஞ்சினேன், நீங்கள் அசையவில்லை. உங்கள்மேல் அப்போது எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. காயம் வராமல் தடுக்கிற ஃபிஃபாவின் அந்த ‘11+’ வார்ம்-அப்பை, 15 பயிற்சிகளையும் ஒன்று விடாமல், இருபது நிமிஷமும் செய்த பிறகுதான் பந்தைத் தொட வேண்டும் என்று சொல்லி வைத்தீர்களே, இன்றைக்கும் அதை யாரும் சொல்லாமலே செய்கிறாள். பெண் பிள்ளைகளுக்கு முட்டித் தசைநார் கிழிகிற அபாயம் பையன்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்பதை நீங்கள் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். விளையாடுகிற பெண்ணைப் பெற்ற எல்லோருக்கும் இதை யாராவது முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் அவளுடைய பழைய கோச். மற்ற குழுக்களில் கோல்கீப்பர்கள் கையை மட்டும் பழக்கிக்கொண்டிருந்தபோது, தடுப்பாட்டக்காரிகள் பின்னால் தள்ளுகிற பாஸை வாங்கி இரண்டு காலாலும் திருப்பிக் கொடுக்க வைத்து உயிரை வாங்கியவர் நீங்கள். சக ஆட்டக்காரர் வேண்டுமென்றே காலால் தள்ளிவிடுகிற பந்தைக் கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்று 1992-இலேயே விதி மாற்றியாகிவிட்டது, இன்னும் கையை மட்டும் நம்பினால் எப்படி என்பீர்கள். அது எங்கே உதவியது என்று கீழே சொல்கிறேன்.

நோட்ஸ் எழுதிக்கொடுத்த தோழிகள், சின்னவனை வாரக் கணக்கில் பார்த்துக்கொண்ட அத்தை, கார் தந்தவர்கள், போன் பண்ணி ஒன்றும் கேட்காமல் சும்மா பேசிக்கொண்டிருந்தவர்கள், எல்லோருக்கும் சேர்த்து ஒரே கும்பிடாகப் போடுகிறேன். தனித்தனியாக எழுத ஆரம்பித்தால் யாரையாவது விட்டுவிடுவேன், அது வேறு சண்டையாகும்.

இனி 47.

ட்ரையல்ஸ் என்றால் எப்படி இருக்கும் என்று பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காலையில் போனதும் பிறந்த தேதிச் சான்றைச் சரிபார்த்து, முதுகில் ஓர் எண்ணைக் குத்திவிடுவார்கள். அதன் பிறகு அன்றைக்கு முழுக்கப் பிள்ளைக்குப் பேர் கிடையாது, எண்தான். சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து நாலுக்கு நாலு ஆட விடுவார்கள். அட்டையும் பேனாவுமாகத் தேர்வாளர்கள் கோட்டுக்கு வெளியே நடந்துகொண்டே இருப்பார்கள். பந்தை வாங்குவதற்கு முன் தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்க்கிறாளா, பந்தைப் பறிகொடுத்ததும் இடுப்பில் கைவைத்து நிற்கிறாளா, துரத்துகிறாளா, அவர்கள் பார்ப்பது இதையெல்லாம்தான். நடுவில் ஆடுகிறவளுக்குப் பந்து வரவில்லை என்றால் அவள் ஓடிப்போய்த் தேடிக்கொள்ளலாம். கோல்கீப்பர் எங்கே போவாள்? பலமான குழுவுக்குக் கீப்பராகப் போட்டுவிட்டால் முடிந்தது கதை. என் பெண்ணுக்கு அதுதான் நடந்தது. காலை முழுக்க ஒரு ஷாட்கூட வரவில்லை. தடுப்பாட்டக்காரிகள் பின்னால் தள்ளிய பந்துகள் மட்டும் அவ்வப்போது வந்தன, அதை நிதானமாக எதிர்ப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டாள், இடது காலாலும். காலையில் அவள் காட்ட முடிந்தது அவ்வளவுதான். கோச் சார், உங்கள் புண்ணியம்.

காலைச் சுற்று முடிந்ததும் மைக்கில் எண்களைப் படித்தார்கள். படித்த எண்கள் மதியம் இருக்க வேண்டும், மற்றவர்கள் கிளம்பலாம், வந்ததற்கு நன்றி. இத்தனை பிள்ளைகளுக்கு நடுவில், அப்பா அம்மா பார்க்க, இப்படித்தான் சொல்ல வேண்டுமா? செய்தி அனுப்ப ஆயிரம் வழி இருக்கிற காலம் இது. எங்கள் எண் வந்தது, அதனால் குறை சொல்ல எனக்கு வாயில்லை என்று நினைப்பீர்கள். வந்ததால்தான் தைரியமாகச் சொல்கிறேன். வராதவர்கள் சொன்னால் வயிற்றெரிச்சல் என்பார்கள்.

47 வரவில்லை.

இடைவேளையில் என் பெண் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கை விறைத்துக் கிடக்கிறது, மதியம் முதல் பந்தே கோலுக்குள் போகப்போகிறது என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி முனகிக்கொண்டிருந்தாள். நான் என்ன சொன்னாலும் ஏறவில்லை. அப்போதுதான் முதுகில் 47 குத்தியிருந்த அந்தப் பெண் ஒரு கையில் பையும் இன்னொரு கையில் செருப்பும் தூக்கிக்கொண்டு வந்தாள். முன்பின் தெரியாதவள். எடுத்த எடுப்பில், “நீ கோல்கீப்பர்தானே? உனக்கு ஒரு பந்துகூட வரலையே, பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். நான் இன்னும் ஷூ கழட்டல. வா, அடிக்கிறேன்” என்றாள்.

இவள் என்னைப் பார்த்தாள். நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன்.

“எந்தப் பக்கம் பயம் உனக்கு?”

“இடது.”

இந்த ஒரு வார்த்தையை என்னிடம், அவள் அப்பாவிடம், யாரிடமும் இவள் சொன்னதில்லை. இடது பக்கம் பாய வேண்டுமென்றால் இடது காலைத்தான் ஊன்றித் தள்ள வேண்டும், அதுதான் அந்தக் கால். எல்லாம் சரியாகிவிட்டது, வலியே இல்லை என்றுதான் எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். முகம் தெரியாத ஒருத்தியிடம் யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

47 பெரிதாக எதுவும் கேட்கவில்லை. தன் செருப்பில் ஒன்றை எடுத்துப் போய், இவள் நிற்கிற இடத்திலிருந்து இடது பக்கம் இரண்டு எட்டு தள்ளி கோல் கோட்டில் வைத்தாள். “இதைத் தாண்டி அடிக்க மாட்டேன்.” பெனால்டி புள்ளிக்குப் போய் உள்பாதத்தால் மெதுவாக உருட்டினாள். சின்னக் குழந்தைக்கு உருட்டுவது மாதிரி இருந்தது, எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. பிடித்தாள். இன்னொன்று. பிடித்தாள். பிறகு 47 நடந்து வந்து, செருப்பை ஒரு பாத அளவு கம்பத்தின் பக்கம் நகர்த்திவைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். மறுபடி இரண்டு பந்து. மறுபடி ஒரு பாதம். ஒவ்வொரு முறையும் தானே நடந்து வந்து நகர்த்தினாள், எங்களை நகர்த்தச் சொல்லவில்லை. கம்பத்துக்குக் கம்பம் 7.32 மீட்டர், அதில் பாதி என்பது நின்று பார்த்தால்தான் எவ்வளவு தூரம் என்று தெரியும். செருப்பு கம்பத்தை நெருங்க நெருங்கப் பந்தின் வேகமும் ஏறியது. ஓர் இடத்தில் இவள் முழு உடம்பையும் நீட்டி இடது பக்கம் விழுந்தாள். விழுந்து, எழுந்து, முட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நான் கோலுக்குப் பின்னால் பந்து பொறுக்கிக்கொண்டிருந்தேன், அது நல்லதாகப் போயிற்று, என் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

கடைசியில் செருப்பை எடுத்துக் காலில் போட... இல்லை, ஷூ இருந்தது, பையில் செருகிக்கொண்டாள். “இனிமே சொல்ல மாட்டேன், எங்க வேணாலும் அடிப்பேன்” என்றாள். அடித்தாள். சிலது உள்ளே போனது, சிலது போகவில்லை. அதற்குள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

நடுவில் ஒரு தடவை, “வீட்டுல தேட மாட்டாங்களாம்மா, சாப்பிட்டியா?” என்று கேட்டேன். “எனக்கு என்ன அவசரம் ஆன்ட்டி, என்னைத்தான் போகச் சொல்லிட்டாங்களே” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. அமெரிக்கக் கால்பந்து வீராங்கனை அலெக்ஸ் மார்கன் 14 வயதில்தான் கிளப் ஆட்டத்துக்கே வந்தார், பிறகு இரண்டு உலகக் கோப்பை வென்ற அணிகளில் ஆடினார் என்ற கதை என் நாக்கு நுனி வரை வந்தது. நல்லவேளை சொல்லவில்லை. அவள் ஆறுதல் கேட்டு வரவில்லையே. அவள் பாட்டுக்குப் பந்து அடிக்க வந்தாள்.

டிசம்பரில் பிறந்தவளாம், இவளிடம் சொல்லியிருக்கிறாள். வயதுப் பிரிவை ஜனவரி 1-ஐ வைத்துப் பிரிக்கிறார்கள். ஜனவரியில் பிறந்தவளும் டிசம்பரில் பிறந்தவளும் ஒரே பிரிவு. கிட்டத்தட்ட ஒரு வருட வளர்ச்சி வித்தியாசம், இந்த வயதில் அது ஒரு தலை உயரம். இளையோர் அணிகளில் வருடத்தின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் இருக்கிறார்கள் என்று பல நாடுகளில் ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்கள், தேர்வாளர்களுக்கும் இது தெரியாத விஷயமில்லை. ஆனால் கூட்டமான ஒரு காலையில் கண் உயரமானவளிடம்தான் போகும். அதனால்தான் 47-ஐ விட்டுவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை, எனக்கு அந்தத் தகுதி இல்லை. எனக்குத் தெரிந்தது, சொன்ன இடத்தில் சொன்ன வேகத்தில் அத்தனை பந்தையும் வைக்கிற கால் அது.

மதியம் முழு மைதானத்தில் பதினொருவர் ஆட்டம். ஓரத்தில் ஆடுகிற விங்கர் ஒருத்தி தனியாக உடைத்துக்கொண்டு வந்து தரையோடு இடது மூலைக்கு அடித்தாள். இவள் போய் இரண்டு கையாலும் அமுக்கிவிட்டாள். பிரமாதம் என்று சொல்ல முடியாது, கைதட்டல்கூட வரவில்லை. அந்தப் பந்தால்தான் எடுத்தார்களா என்று எனக்குத் தெரியாது. நான் திரும்பி 47-ஐத் தேடினேன், அதற்குள் போய்விட்டிருந்தாள்.

மைக்கில் எண் படிக்கிற வேலையை நிறுத்துங்கள், முடிவை வீட்டுக்கு அனுப்புங்கள் என்று நடத்தியவர்களுக்கு இன்று காலை எழுதி அனுப்பிவிட்டேன். பதில் வருகிறதோ இல்லையோ, அடுத்த ட்ரையல்ஸில் என் பெண் ஆடாவிட்டாலும் நான் போகப்போகிறேன். இடைவேளையில் கோலுக்குப் பின்னால் நின்று பந்து பொறுக்கிப் போட ஓர் ஆள் வேண்டியிருக்கிறது, அதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. கூட வருகிறவர்கள் சொல்லுங்கள்.

இன்னொரு உதவி. 47 யார் என்று உங்களில் யாருக்காவது தெரிந்திருந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள், பெயரைப் பொதுவில் போட வேண்டாம், சின்னப் பெண். அல்லது நான் எழுதியதை அவள் வீட்டில் காட்டிவிடுங்கள், போதும். அடுத்த மாதம் வேறு ஒரு அணிக்கு ட்ரையல்ஸ் போகப்போவதாக இவளிடம் சொல்லியிருக்கிறாள். அதற்கு முன்னால் அடித்துப் பழக ஒரு கோல்கீப்பர் வேண்டுமில்லையா? எந்த மைதானம், எத்தனை மணி என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். இவள் கிளவுஸோடு வந்து நிற்பாள்.