மெலிந்தவருக்கும் சீனி வருத்தம் வரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு வந்த நீரிழிவுக் கட்டுரையை வாசித்தேன். தேத்தண்ணிக்கு அள்ளிப் போடும் சீனி, காலையும் இரவும் கோதுமை ரொட்டி என்று எழுதியிருந்ததெல்லாம் சரி. ஆனால் ஈரலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் அண்ணன் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர். ஒல்லியான ஆள். 46 வயதில் அவருக்குச் சீனி வருத்தம் வந்தது. மாத்திரையைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்தும் இறங்கவில்லை. கொலஸ்ட்ரோல் மட்டும் எப்போதும் குறைவு. கிளினிக்கில் நல்லது என்றார்கள், நாங்களும் சந்தோஷப்பட்டோம். எட்டு வருடம் இப்படியே போனது. பிறகு மாற்றலாகி வந்த ஒரு டொக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, ஈரலில் கொழுப்பு இருக்கிறதே, குடிப்பீர்களா என்று கேட்டார். அண்ணன் சாராயத்தைத் தொட்டதே இல்லை. இரத்தம் சோதித்தபோது ஹெப்படைட்டிஸ் சி என்ற ஈரல் கிருமி இருந்தது.

1985இல் லொறி புரண்டு கால் முறிந்தபோது அவருக்கு இரத்தம் ஏற்றியிருந்தார்கள். அதில்தான் வந்திருக்க வேண்டும் என்றார்கள். இந்தக் கிருமியையே 1989இல்தான் கண்டுபிடித்தார்கள், அதனால் யாரையும் குறை சொல்ல மனமில்லை.

டொக்டரம்மா விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். கிருமி ஈரலுக்குள் இருந்துகொண்டு இன்சுலின் வேலை செய்ய விடாமல் குழப்புகிறது. உடம்பில் இன்சுலின் இருந்தும், ஈரல் சீனியை இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. அதோடு கிருமி பெருகுவதற்குக் கொழுப்பு வேண்டும். ஈரல் வழக்கமாக வெளியே அனுப்பும் கொழுப்பை அது உள்ளேயே தேங்க வைக்கிறது. தெற்காசியாவில் அதிகம் உள்ள 3ஆம் வகைக் கிருமியில் இது இன்னும் மோசம். அதாவது, நாங்கள் சந்தோஷப்பட்ட அந்தக் குறைந்த கொலஸ்ட்ரோலே நோயின் அடையாளம்!

12 வாரம் கிருமிக்கு மாத்திரை குடித்தார், கிருமி போய்விட்டது. அப்புறம் சீனி இறங்கி, சீனி மாத்திரையும் பாதியானது. எல்லாருக்கும் இப்படி இறங்கும் என்று சொல்ல முடியாதாம். கொலஸ்ட்ரோல் ஏறியதால் இப்போது அதற்கும் ஒரு மாத்திரை.

அந்த நாட்களில் லயத்தில் சிலர் அவரைக் குடிகாரர் என்று பேசினார்கள். சொந்தக்காரர் வீட்டிலேயே அவருக்குத் தட்டையும் கோப்பையையும் ஒதுக்கி வைத்தார்கள். இது இரத்தத்தால் பரவுவது, கூட இருந்து சாப்பிட்டால் ஒட்டாது. அண்ணனை நோயைவிட அந்தத் தட்டுதான் வாட்டியது.

நம் நாட்டில் இந்தக் கிருமி உள்ளவர்கள் குறைவுதான், பயப்பட வேண்டாம். ஆனால் கிருமி கண்டுபிடிக்காத அந்தக் காலத்தில் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களும் சிறுநீரகத்துக்கு டயலிசிஸ் செய்துகொள்பவர்களும் ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும். முதல் சோதனையில் இருக்கிறது என்று வந்தால், கிருமி இன்னும் உடம்பில் உள்ளதா என்று இரண்டாவது சோதனையும் கேட்டுச் செய்யுங்கள்.

ஜூலை 28 உலக ஹெப்படைட்டிஸ் தினம். அந்த வாரம் உங்கள் சுகாதாரப் பக்கத்தில் இதைப் பற்றி எழுதுங்கள். வெட்டி எடுத்து எங்கள் தோட்ட டிஸ்பென்சரிச் சுவரில் நானே ஒட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
வாசகி,
பொகவந்தலாவை